மடுவுக்காக நடந்த இரண்டு போர்கள்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், ஆழமான மடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. கோடையில் ஆறு முழுவதும் மணலாகிவிட்டாலும் அந்த மடு வற்றாது. தென்கரையில் காட்டெருமைகளும் வடகரையில் காட்டுப்பன்றிகளும் வாழ்ந்தன.

மருதி என்ற காட்டெருமை கன்றாக இருந்தபோது அந்த மடு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. வெயில் சாய்ந்ததும் இரண்டு கூட்டமும் அங்கே இறங்கும். சுழியன் என்ற பன்றிக்குட்டி சேற்றில் நன்றாகப் புரண்டுவிட்டு வந்து, மருதியின் வெள்ளைக் கால்களில் உரசும்.

"சீ, போடா! இப்போதுதான் கழுவினேன்!" என்று மருதி துரத்தும்.

சுழியன் வீல் வீலென்று கத்திக்கொண்டே தண்ணீருக்குள் பாயும். கரையோர நாவல் மரத்திலிருந்து பழங்கள் பொத்தென்று விழும் நாட்களில், தண்ணீரே இனிக்கிறது என்று இரண்டும் சத்தியம் செய்யும்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. மடு பாதியாகக் குறைந்தது. பன்றிகள் ஒருநாள் முந்திக்கொண்டு வந்து தண்ணீரைக் கலக்கிவிட்டன. காட்டெருமைகளின் தலைவன் கொம்பரசனுக்குக் கர்வம் அதிகம். அது பாறைமேல் ஏறி நின்றது.

"பன்றி கலக்கிய தண்ணீரையா நாம் குடிப்பது? இனி இந்த மடு நமக்கு மட்டும்தான்!"

முதல்நாள்வரை பன்றிக்குட்டிகளுக்கு வழிவிட்டு நின்ற எருமைகள், அந்தக் குரலைக் கேட்டதும் குளம்பால் மண்ணைக் கிளறின. மருதிக்கும் உடம்பு சிலிர்த்தது. தலைவன் முழங்கும்போது யாருக்குத்தான் சிலிர்க்காது?

போர் மூண்டது. ஆற்றுமணல் சிவந்தது. மருதியின் அண்ணன் அந்த மணலிலேயே விழுந்து இறந்தது. கடைசியில் எருமைகள் வென்றன.

கொம்பரசன் மறுபடியும் பாறைமேல் ஏறியது. "தோற்றவர்களுக்கு மடு கிடையாது. நாம் குடித்து, மிதித்துக் கலக்கிய பிறகு வாய்க்காலில் வழியுமே, அதை அவர்கள் நக்கட்டும்!"

கூட்டம் கெக்கலித்துச் சிரித்தது. மருதி மட்டும் எதிர்க்கரையைப் பார்த்தது. சுழியன் நொண்டியபடி, தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தது.

"தலைவரே, அந்தக் குட்டிகள் என்ன பாவம் செய்தன?" என்று மருதி கேட்டது.

"தோற்ற பன்றிகளுக்குப் பிறந்தன. அது போதாதா?" என்றது கொம்பரசன்.

வருடங்கள் ஓடின. மடுவில் இறங்கும்போதெல்லாம் மருதிக்குப் பழைய மாலைகள் நினைவுக்கு வரும். நாவல் பழங்கள் விழத்தான் செய்தன. ஆனால் தண்ணீர் முன்போல இனிக்கவில்லை.

வடகரையில் சேற்றுநீரைக் குடித்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. அதில் ஒன்று கூர்ப்பல்லன். அதற்குக் கோபத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒரு மாலையில் அது போட்ட கூச்சல், கரையில் நின்ற மருதியின் காதிலும் விழுந்தது.

"நம் நாக்கு ஏன் வறண்டிருக்கிறது? யாரால் வறண்டிருக்கிறது? சொல்லுங்கள்!"

"வேண்டாம், தம்பி. ஒரு போரைப் பார்த்தவன் சொல்கிறேன். இதே மடுவில் எல்லாரும் ஒன்றாகக் குடித்த நாட்களும் உண்டு" என்று ஒரு தளர்ந்த குரல் கெஞ்சியது. அது சுழியனின் குரல்.

"அந்த நாட்கள் உனக்கு இருந்தன. எங்களுக்கு எங்கே இருந்தன?" என்றது கூர்ப்பல்லன். இளம்பன்றிகள் அதன் பின்னால் திரண்டன.

மருதி ஓடோடிப் போய்க் கொம்பரசனிடம் சொன்னது: "தலைவரே, இப்போதாவது அவர்களுக்கு மடுவைத் திறந்துவிடுங்கள்."

"பயந்துவிட்டாயா?" என்று கொம்பரசன் நகைத்தது.

இரண்டாவது போர் முதல் போரைவிடக் கொடுமையாக இருந்தது. கொம்பரசன் தனியே பாய்ந்து சென்று, பன்றிகள் சூழ்ந்துகொள்ள, வீழ்ந்தது. தலைவன் இல்லாத கூட்டம் சிதறி ஓடியது.

"ஓடாதீர்கள்!" என்று ஒரு குரல் கேட்டது. மருதிதான். அது பாறைமேல் ஏறவில்லை. தாக்குதல் கடுமையாக இருந்த முனையில் போய் நின்றது. "கன்றுகள் நடுவே வரட்டும்! மற்றவர்கள் கொம்பை வெளியே நீட்டிச் சுற்றி நில்லுங்கள்! நான் இங்கே நிற்கிறேன்!"

ஓடியவை திரும்பின. வட்டம் உருவானது. மருதியின் ஒரு கொம்பு முறிந்தது. இரத்தம் கண்ணை மறைத்தது. ஆனாலும் அது நகரவில்லை. மோதி மோதிப் பன்றிகள் களைத்தன. கூர்ப்பல்லனும் விழுந்தது. எஞ்சிய பன்றிகள் மணலில் தலை கவிழ்ந்து நின்றன. அவற்றின் முன்னால் கிழச் சுழியன் நின்றது.

"மலைக்கு அப்பால் துரத்துவோம்! வாய்க்கால் தண்ணீர்கூட இனி இவர்களுக்கு இல்லை!" என்று திமிலன் என்ற இளங்காளை கத்தியது. கூட்டம் ஆரவாரித்தது. பிறகு எல்லாக் கண்களும் மருதியை நோக்கின.

அண்ணன் விழுந்த மணல் மருதிக்குத் தெரிந்தது. இன்று விழுந்தவையும் தெரிந்தன. அது பெருமூச்சு விட்டது. பிறகு மடுவை மறைத்து நின்ற தன் கூட்டத்தைப் பார்த்து, "வழி விடுங்கள்" என்றது.

"பெரியம்மா! ஜெயித்தது நாம்!" என்று திமிலன் துடித்தது.

"போன தடவையும் நாம்தான் ஜெயித்தோம், திமிலா. அப்படியானால் இன்றைக்கு ஏன் சண்டை போட்டோம்?"

திமிலன் கொம்பைத் தாழ்த்தியது. அது மெல்ல ஒதுங்கியது. அதைப் பார்த்து மற்ற எருமைகளும் ஒவ்வொன்றாக ஒதுங்கின.

"சுழியா, முதலில் உன் குட்டிகள் குடிக்கட்டும்" என்றது மருதி.

சுழியன் நொண்டியபடி விலகி, பின்னால் நின்ற குட்டிகளுக்கு வழி விட்டது. தயங்கித் தயங்கி ஒரு சிறு குட்டி மடுவில் இறங்கியது. சேற்றுநீரை மட்டுமே கண்டு வளர்ந்தது அது. தெளிந்த தண்ணீரில் தன் முகம் தெரிந்ததும், "ஐயோ, உள்ளே யாரோ இருக்கிறார்கள்!" என்று அலறிப் பின்வாங்கியது.

எருமைக் கன்று ஒன்று குபீரென்று சிரித்துவிட்டது. "அட, அது நீதான்! குடி!" என்று சொல்லி, அதன் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு தானும் குடிக்கத் தொடங்கியது.

நீதி: எதிரியைத் தோற்கடிக்கும் தலைவர் ஒரு போரை வெல்கிறார், தோற்றவரின் தாகத்தையும் தீர்க்கும் தலைவரே அடுத்த போரைத் தடுக்கிறார்.