லண்டன் காருக்கு எண்ணெய்க் குளியல்

சாத்தூருக்கு வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாகக் கேள்வி. அந்த வெள்ளிக்கிழமை அது லீவு.

மூவரில் மூத்தவன் தவசிமுத்து; மற்ற இருவர் சங்கையா, இருளப்பன். மேஸ்திரி வெளியே போனால் பொறுப்பு அவனுக்குத்தான். அன்றைக்கு அந்தப் பொறுப்பு பச்சை நிறத்தில் வந்து நின்றது. லண்டனில் செய்த பழைய கார். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குப் போக வேண்டியது, முன்சக்கரம் இரண்டும் அசையவில்லை.

"பிரேக் காலிப்பர் துருப்பிடிச்சுச் சக்கரத்தைக் கவ்விக்கிட்டு விடமாட்டேங்குது" என்றார் மேஸ்திரி. "எண்ணெய் போட்டு நல்லா ஊற வை. சுத்தமாக் கழுவு. லேசாச் சூடு காட்டு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விடு, இளகிரும். ஆறு மணிக்குச் சக்கரம் சுத்தலேன்னா நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராதே."

அவர் மதுரைக்குச் சாமான் வாங்கக் கிளம்பிவிட்டார். தவசிமுத்து எண்ணெய் டப்பாவைத் திறந்தான். எண்ணெயை எடுத்த கை அப்படியே நின்றது.

"ஏலே சங்கையா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெய்க் குளியல் பொம்பளைக்குத்தான வெள்ளி, ஆம்பளைக்குச் சனிக்கிழமையில்லா?"

"வண்டி ஆம்பளையா பொம்பளையாண்ணே?"

இருளப்பன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தான். "ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"நெத்தியில குங்குமம் இருக்கே" என்றான் சங்கையா.

"உனக்கும்தான் இருக்கு" என்றான் இருளப்பன்.

தவசிமுத்து கண்ணை மூடி யோசித்தான். "ஒரு வீட்டையே சுமந்துக்கிட்டு வாயைத் திறக்காம ஓடுது. பொம்பளைதான்."

அதோடு விவகாரம் தீர்ந்தது. உச்சியிலிருந்துதான் தேய்க்க வேண்டும் என்று கூரையில் ஆரம்பித்து, நல்லெண்ணெயோடு காலிப்பருக்கு இறங்கினார்கள். ஊறியதும் சீயக்காய் போட்டு அலசினார்கள். சூடு காட்டச் சொன்னாரே, சக்கரத்துக்குச் சாம்பிராணி போட்டார்கள். தவசிமுத்து ஏறி உட்கார்ந்து மிதித்தான், மிதித்தான், கால் மரத்துப் போகும்வரை மிதித்தான். நாலு மணிக்கு 'டொக்' என்றது. சக்கரம் சுற்றியது.

தவசிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை தப்பித்தது.

அப்போதுதான் சங்கையா சொன்னான்: "எண்ணெய் தேய்ச்சா பகல்ல தூங்கக்கூடாதுண்ணே. காய்ச்சல் வந்துரும்."

வண்டிக்குக் காய்ச்சல் வந்தால் வேலை போய்விடுமே. அதன் விளக்கைப் போட்டுவிட்டு, மாற்றி மாற்றி ஹாரன் அடித்தார்கள். ஒன்றரை மணி நேரம் அடித்தார்கள். ஐந்தரைக்கு ஹாரன் கம்மியது. விளக்கு மங்கியது. பிறகு சத்தமே இல்லை.

ஆறு மணிக்கு மேஸ்திரி வந்தார், கூடவே மாப்பிள்ளை, மேளக்காரர்கள். மேஸ்திரி ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தார், வண்டி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. பிரேக்கை மிதித்தார், நின்றது. முகம் மலர்ந்து சாவியைத் திருகினார். பேச்சுமூச்சில்லை.

"என்னடா செஞ்சீங்க?" என்று கத்தினார்.

தவசிமுத்து வாயில் விரலை வைத்தான். "மெல்லப் பேசுங்க அண்ணாச்சி. இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

மாப்பிள்ளை அழைப்பு குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. மூன்று பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியைப் பின்னாலிருந்து பூனை நடையில் தள்ளினார்கள். தவசிமுத்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால் நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பாதி வழியில் வண்டிக்குள் இருந்த மாப்பிள்ளைக்குத் தும்மல் வந்தது. பாவம், மூக்கைப் பொத்திக்கொண்டார்.