செம்பிக் கோழியின் கீரைப் பாத்தி

என் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதத்தில், எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்த படுக்கையாகக் கிடந்த எனக்கு ஊசி போட வந்த நர்ஸ் அன்னக்கிளி அக்கா சொன்ன கதை இது.

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் செம்பி என்றொரு கோழி இருந்தது. தை மாதம் அது பொரித்த ஏழு குஞ்சையும் பருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கரை முழுக்கக் கட்டாந்தரை. ஓடி ஒளிய ஒரு புல்லுகூட இல்லை.

பங்குனி பிறந்தது. செம்பி மறுபடியும் முட்டை இட்டது; இந்தத் தடவை ஒன்பது. அடை உட்காருமுன் ஒரு காரியம் செய்தது. காட்டுக்குள்ளே போய், முற்றிக் காய்ந்த தண்டுக்கீரையின் கதிரை அலகால் உருவிக்கொண்டு வந்தது. கூட்டைச் சுற்றி மண்ணைக் கிளறி, விதையைத் தூவி, மேலே மணலைத் தள்ளி மூடியது.

வேப்பமரத்து மைனா பார்த்துவிட்டுச் சிரித்தது. "கோழி தோட்டம் போடுதாம், பூனை பால் காய்ச்சுதாம்! விதைச்சதை நீயே கிளறித் தின்னுட மாட்டே?"

"முட்டைக்கும் இருபத்தொரு நாள், கீரைக்கும் இருபத்தொரு நாள். ரெண்டையும் ஆண்டவன் கையில கொடுத்திட்டேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, செம்பி அடையில் உட்கார்ந்தது.

நாளுக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கும். அவசரமாக நாலு பருக்கை கொத்தும். குளத்தில் இறங்கி நெஞ்சை நனைத்துக்கொண்டு வரும். அந்த ஈர இறகைப் பாத்தியில் உதறிவிட்டு உட்கார்ந்துவிடும். அதுதான் கீரைக்குத் தண்ணீர்.

ஒன்பதாம் நாள், கீரை இரட்டை இலை விட்டிருந்தது. செம்பியின் கொண்டை வெளுத்துப் போயிருந்தது. பட்டமரத்தில் வந்து உட்கார்ந்த பருந்து இதமாகப் பேசியது.

"செம்பி, எப்படி இளைச்சுட்டே! பாத்தி ஈரத்துக்கு மண்புழு எல்லாம் மேலே வந்து நெளியுது பாரு. நாலே நாலு கிளறு. யாரு பார்க்கப் போறா?"

செம்பி எழுந்து குனிந்து பார்த்தது. உண்மைதான், கொழுத்த புழு. நல்ல பசி வேறு. கிளறுவது கோழிக்குப் பிறவிக் குணமாயிற்றே! கால் தானாகவே தூக்கிக்கொண்டது.

தூக்கின காலோடு அப்படியே நின்றது. தை மாதத்துக் குஞ்சுகளின் கீச்சுக்குரல் காதில் கேட்டது. விரல்களை மடக்கி, ஒரு நாற்றுகூட மிதிபடாமல் காலைக் கீழே வைத்தது.

"என் பிள்ளைகளுக்குப் பந்தல் போடுறேன் அண்ணே. பந்தக்காலை நானே பிடுங்குவேனா?" என்றது.

பருந்து பறந்து போனது. மைனா அன்றைக்குக் கேலி பேசவில்லை. ஒரு ஆலம்பழத்தைக் கொண்டுவந்து கூட்டுக்கு அருகில் மெதுவாக வைத்துவிட்டுப் போனது.

இருபத்தொன்றாம் நாள் எட்டுக் குஞ்சு வெளியே வந்தது. ஒன்று கூமுட்டை. கீரை ஒரு சாண் உயரம் அடர்ந்து நின்றது.

குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் காலை. குஞ்சுகள் பாத்தி ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. தரையில் ஒரு நிழல் வட்டமிட்டது. "கொர்ர்" என்று செம்பி ஒரே ஒரு குரல் கொடுத்தது. எட்டுக் குஞ்சும் கீரைக்குள் ஓடி மறைந்தன. பாய்ந்து வந்த பருந்து பார்த்த இடமெல்லாம் பச்சை. நகத்தில் ஒரு கொத்துக் கீரைதான் மிஞ்சியது.

"என்ன அண்ணே, இன்னைக்குக் கீரைச் சாப்பாடா?" என்று மைனா கேட்டது.

பிறகு அது செம்பியிடம் இறங்கி வந்தது. "அக்கா, உன் காலை அன்னைக்குப் பார்த்தேன். என்னால முடிஞ்சிருக்காது" என்றது.

"எனக்கும் முடியலைதான். பிள்ளைகளை நினைச்சேன், முடிஞ்சுது" என்றது செம்பி.

இன்றைய பசிக்காக நாளைய நிழலைக் கிளறித் தின்னாத தாயின் பிள்ளைகள் பிழைக்கும்.

நீங்களும் ஒரு பழைய சட்டியில் ஒரு சிட்டிகை கீரை விதை போடுங்கள். முளைத்துவிட்டதா என்று மட்டும் கிளறிப் பார்க்காதீர்கள்.