தேரி கடந்த கவுதாரி

தேரிக்காட்டின் மேற்கு ஓரத்துக் குளம் அன்றைக்கு அடியோடு வற்றிப்போனது. கடைசிச் சேறும் வெடித்து, அப்பளம் போல விளிம்பு மடங்கிக் கிடந்தது.

அந்தக் குளத்தை நம்பி ஒரு கவுதாரி இருந்தாள். செவலி என்று பெயர். நாலு குஞ்சுகள். நடக்கத் தெரியும், பறக்கத் தெரியாது. கிழக்கே, தேரியின் சிவப்பு மணல் மேடுகள் எல்லாம் முடிகிற இடத்தில் வற்றாத சுனை ஒன்று உண்டு. ஒரு பகல் நடை. நாளைப் பொழுது சாய்வதற்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் குஞ்சுகள் பிழைக்காது.

"விடியும்போதே புறப்படணும்" என்றாள் செவலி.

"அதெப்படி?" என்றது நரி. அதற்கும் தாகம்தான். ஆனால் தாகத்தைவிட மேடை ஆசை பெரிது. "தேரியைக் கடப்பது சின்னக் காரியமா? வழியனுப்பு விழா வைக்க வேண்டாமா? ஆந்தையார் தலைமை. எனக்கு ஒரு மாலை, முயல் தம்பிக்கு ஒரு மாலை, உனக்கும் ஒன்று!"

"மாலையைப் பிழிஞ்சு குடிக்கலாமா?"

"எடுத்தெறிஞ்சு பேசாதே! நாலு பேர் வாழ்த்தாமல் போனால் நல்லாவா இருக்கும்?"

"உங்க நாலு பேர் வாழ்த்தி முடிக்கிறதுக்குள்ளே என் நாலு பேர் வறுபட்டுருவாங்க, அண்ணே!"

மறுநாள் கிழக்கு வெளுத்ததும் செவலி நடந்தாள். பின்னால் வரிசையாக நாலு குஞ்சுகள். மணல் அப்போது குளிர்ந்திருந்தது. "சூரியனைப் பார்த்தே நடங்க. பேசாதீங்க. வாய் உலரும்!"

குளத்தங்கரையில் விழா தொடங்கியது. ஆந்தையார் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பகலில் அவருக்குக் கண் தெரியாது. கூட்டம் கலைந்துபோனதை யார் போய்ச் சொல்வது? நரியும் முயலும் எருக்கம்பூ மாலையோடு மணலில் கால் வைத்தபோது வெயில் உச்சிக்கு வர ஒரு நாழிகைதான் இருந்தது.

அதற்குள் செவலி பாதித் தேரியைக் கடந்துவிட்டாள். மணல் சுடத் தொடங்கியதும் நின்றாள். அங்கே ஒரு பனை. காற்று குவித்த மணலில் கழுத்துவரை புதைந்து, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓலைக்கு அடியில் மேல்மணலைக் காலால் சீய்த்துத் தள்ளி, ஈரம் தட்டிய குழியில் குஞ்சுகளை உட்காரவைத்தாள்.

"அம்மா, அதோ தண்ணி!" என்றது கடைக்குட்டி. தெற்கே பளபளவென்று ஒரு ஏரியே தெரிந்தது.

"அதுலே ஒரு கொக்காவது இறங்குதா பார். இல்லையே? அது கானல். உட்காரு!"

அப்போது நரியும் முயலும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தன.

"என்ன செவலி, விடியக்காலம் ஓடி வந்து இங்கே குந்தியிருக்கே?" என்றது நரி. "இதுதான் உன் வீரமா?"

"மணல் ஆறட்டும். நீங்களும் உட்காருங்க, நிழல் இருக்கு."

"மாலை போட்டு அனுப்பியிருக்காங்க, வழியிலே உட்கார்ந்தா மானம் போயிடும்! அதோ பார், தண்ணி! தம்பி, ஓடு!"

"ஓடுறேன் அண்ணே!" என்றது முயல். அதற்குச் சொந்தமாக யோசித்துப் பழக்கம் இல்லை.

இரண்டும் தெற்கே பாய்ந்தன. அவற்றின் பின்னாலேயே கடைக்குட்டியும் பாய்ந்தது! செவலி ஒரே எவ்வாக எவ்விப் பறந்து, முன்னால் போய் இறங்கி, இறக்கையால் ஒரு தட்டு தட்டினாள். குஞ்சு அழுதது. அதன் பாதம் அதற்குள் சிவந்துவிட்டது.

"எனக்குத் தாகமா இருக்கு!"

"எனக்கும்தான் இருக்கு! அழுது கண்ணீரையும் தீர்க்காதே, வா!"

மத்தியானம் முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 'போய்விடலாம், போய்விடலாம்' என்று கால் துடித்தது. இறக்கையை விரித்து நாலு பேரையும் அமுக்கிக்கொண்டு அப்படியே கிடந்தாள். நிழல் நீண்டது. மணலில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். பொறுக்கக்கூடிய சூடு.

"இப்போ எழுந்திருங்க. சூரியன் முதுகிலே இருக்கணும். நடங்க!"

அடுத்த மேட்டில் ஏறியதும், தெற்கே ஒரு மொட்டை உடைமுள் மரத்தடியில் இரண்டு காதுகள் தெரிந்தன. நரியும் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. ஏரி போன இடம் தெரியவில்லை.

செவலி தொண்டை கிழியக் கூவினாள். "இங்கே வாங்க!"

"கால் கொப்பளிச்சுப் போச்சு!" என்று முனகியது நரி. "நீ இங்கே வந்தா என்ன?"

"வரமாட்டேன்! அத்தனை தூரம் வந்து போக என் பிள்ளைகளுக்குத் தெம்பு இல்லை. நீங்கதான் வரணும்!"

"அக்கா, முடியல" என்றது முயல்.

"முடியலன்னு சொல்ல மூச்சு இருக்குல்ல? அதை வெச்சு நட!"

முயல் எழுந்தது. அதைப் பார்த்து நரியும் எழுந்தது. வேறு நாளாக இருந்தால் நரியைப் பின்னால் வரவிட்டு எந்தக் கவுதாரியும் நடக்கமாட்டாள். அன்றைக்கு நரிக்குக் கடிக்க வாயைத் திறக்கவே திராணி இல்லை.

ஒரு மேடு. இன்னொரு மேடு. கடைக்குட்டி விழுந்தது. செவலி அலகால் நெம்பி எழுப்பினாள். மறுபடி விழுந்தது, மறுபடி எழுப்பினாள். கடைசி மேட்டின் உச்சியில் காற்று ஈரமாக முகத்தில் அடித்தது. கீழே, தாழம்புதருக்கு நடுவே சுனை. கரையெல்லாம் கொக்குகள்!

சூரியன் மறைவதற்கு முன்னால் நாலு குஞ்சுகளும் அலகை நனைத்து, தலையைத் தூக்கி விழுங்கின. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் செவலி குடித்தாள். பின்னாலேயே வந்து சேர்ந்த நரியும் முயலும் தண்ணீரில் முகத்தைப் புதைத்தன.

விடாமல் நடப்பது மட்டும் மன உறுதி ஆகாது. ஊர் என்ன சொன்னாலும் கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பி, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதுதான் உறுதி.