கொக்கு வைத்தியர் கேட்காத சத்தம்

குளுக்... குளுக்... குளுக்...

ஏரிக்கரைக்குக் கீழே படுத்தால் இந்தச் சத்தம் கேட்கும். கரைக்குள் யாரோ ஒளிந்திருந்து தண்ணீர் குடிப்பதுபோல இருக்கும். எழுந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புல்லும் மண்ணும் எப்போதும்போலத்தான் இருக்கும்.

அதைக் கேட்டது மருதாணி என்ற புள்ளிமான் மட்டும்தான். மற்ற மான்கள் அசைபோட்டபடியே தூங்கிவிடும். மருதாணிக்குத் தூக்கம் போய்விட்டது. கரை உடைந்தால் ஏரித் தண்ணீர் முழுவதும் அந்தப் புல்வெளியில்தான் இறங்கும். மந்தையின் குட்டிகள் படுப்பதும் அங்கேதான்.

அவள் மந்தைத் தலைவர் கரும்புள்ளியிடம் போனாள். குட்டிகளை மேட்டுக்கு மாற்றிவிடும்படி கெஞ்சினாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். முக்கியமாக மேலே, கொம்பைப் பார்த்தார்.

மருதாணி பிறந்தபோது ஆண் குட்டி என்று மந்தை சொன்னது. கொம்பும் முளைத்தது. ஆனால் தான் பெண் மான் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதை எல்லோரிடமும் சொல்லியும் விட்டாள். மந்தை கொஞ்ச நாள் முணுமுணுத்தது. பிறகு பசி எடுத்தது, மேயப் போய்விட்டது. ஆனாலும் அவள் எதைச் சொன்னாலும் முதலில் கொம்பைப் பார்க்கிற வழக்கம் மட்டும் போகவில்லை.

“நீ கொக்கு வைத்தியரைப் பார்த்துட்டு வா. உன் மனசு சரியா இருக்குன்னு அவர் சொல்லட்டும். அப்புறம் மாத்துறேன்” என்றார் கரும்புள்ளி.

அந்தக் காட்டில் மனக் கவலைக்கு வைத்தியம் பார்ப்பவர் கொக்கார். ஏரியில் முழங்கால் தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். கண் மூடியிருப்பதால் உன்னிப்பாகக் கேட்கிறார் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

மருதாணி போன நேரம், வருகிறவர்கள் உட்காரும் பாறையில் படிந்த பாசியை அவர் அலகால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வேலையைப் பாதியில் விட்டார். கொம்புள்ள பெண் மான்! இப்படி ஒருத்தி வரமாட்டாளா என்று எத்தனை மழைக்காலம் காத்திருந்தார்!

“வாம்மா, உட்காரு. கவனிச்சியா, ‘அம்மா’ன்னுதான் கூப்பிடுறேன். வேற எந்த வைத்தியன் கூப்பிடுவான்?”

மருதாணி நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தூக்கமில்லை, கரைக்குள் சத்தம் கேட்கிறது என்றாள்.

“அது கிடக்கட்டும். நீ பெண்ணுன்னு உனக்கு எப்போ தோணுச்சு?”

“சின்ன வயசிலேயே ஐயா. அதுல எனக்கு ஒரு குழப்பமும் இல்ல.”

“குழப்பமே இல்லைங்கிறியே, அதுதாம்மா குழப்பம்” என்று சொல்லிக் கொக்கார் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு கேட்டுக்கொண்டே போனார். அம்மா நக்கி வளர்த்தாளா? அப்பா முட்டுவாரா? கனவில் கொம்பு வருமா? மருதாணி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலின் வாலிலும் கரையைக் கட்டி அனுப்பினாள். கொக்கார் வாலைக் கத்தரித்துவிட்டுப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அவள் எழுந்து நின்றாள்.

“ஐயா, ஒரு தடவை கரையில வந்து காதை வெச்சுப் பாருங்க. முடியலைன்னா என் மனசு சரியா இருக்குன்னாவது சொல்லிவிடுங்க. குட்டிங்க அங்கதான் படுக்குது.”

இவ்வளவு அரிய நோயைத் தனியாகப் பார்ப்பது தவறு என்று கொக்காருக்குப் பட்டது. அக்கரையில் வைத்தியம் பார்க்கும் ஆமையாருக்கு ஆள் அனுப்பினார். ஆமையார் வந்து சேருவதற்குள் மருதாணி ஒரு வேளை மேய்ந்துவிட்டு வந்தாள்.

இரண்டு வைத்தியர்களும் அவளை நடுவில் வைத்துக்கொண்டு, அவள் அங்கே இல்லாததுபோலப் பேசினார்கள். கொம்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று ஆமையார் அனுமதி கேட்டார். கொக்காரிடம்தான் கேட்டார். தாராளமாக என்றார் கொக்கார். மருதாணி தலையைத் திருப்பிக்கொண்டாள். அதையும் நோயோடு சேர்த்துக்கொண்டார்கள்.

முடிவில் கொக்கார் அலகை உயர்த்தினார். “அம்மா, கரை வெளியில இல்ல. உனக்குள்ள இருக்கு. இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண். நடுவுல உள்ள கரைதான் கசியுது!”

“ஆஹா!” என்றார் ஆமையார்.

கொக்காருக்கே புல்லரித்தது. வைத்தியர்கள் கூட்டத்தில் பேச இதைவிட நல்ல உரை கிடைக்காது. மருந்தையும் உடனே சொன்னார். படுக்கும்போது இரண்டு காதிலும் புல்லை அடைத்துக்கொள்ள வேண்டும்.

“அடைச்சா எனக்குக் கேட்காது ஐயா. தண்ணி நின்னுடுமா?” என்று கேட்டுவிட்டு மருதாணி இறங்கிப் போனாள்.

மந்தையில் விஷயம் பரவியது. இளவட்ட ஆண் மான்கள் அவளைப் பார்த்தால் வாயில் புல்லை வைத்துக்கொண்டு, காதுக்கு வேண்டுமா என்று கேட்டன. மருதாணி காதை அடைக்கவில்லை. கரைக்கும் குட்டிகளுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சில நாளில் கொக்கார் ஓர் அதிசயத்தைக் கவனித்தார். முழங்கால்வரை இருந்த தண்ணீர் கணுக்கால்வரைதான் இருந்தது. யோசித்தார். தான் வளர்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டார். இந்த வயதில் வளர்வது லேசில்லை. எல்லாம் அந்த உரையினால் வந்த உயரம். சந்தேகத்துக்கு ஆமையாரையும் கேட்டார்.

“எனக்கு நீங்க எப்பவுமே உயரமாத்தான் தெரியிறீங்க” என்றார் ஆமையார். இரண்டு வைத்தியர்கள் ஒத்துப்போனதால் விஷயம் முடிந்தது.

மறுநாள் கணுக்காலும் காய்ந்திருந்தது. காலடியில் ஒரு சிறு மீன் சேற்றில் துள்ளியது. அப்போது கொக்காருக்குக் கேட்டது.

குளுக்.

கொக்கார் கண்ணை இறுக மூடி, முறைப்படி தன்னைத்தானே விசாரித்தார். இந்தச் சத்தம் எப்போதிலிருந்து? அம்மா மீன் ஊட்டி வளர்த்தாளா? ஊட்டினாள். சின்ன வயதில் நாரை என்று நினைத்துக்கொண்டதுண்டா? ஒரே ஒரு முறை, நிழல் நீளமாக விழுந்தபோது. இவ்வளவு கேட்டும் சத்தம் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் பறந்துபோய்க் கரையின் கீழே இறங்கினார். தலையைச் சாய்த்து மண்ணில் காதை வைத்தார்.

குளுக். குளுக். குளுக். பாதித் தலை சேறானது. நண்டு தோண்டிய வளை ஒன்று கரையைத் துளைத்துக்கொண்டு போய், அதன் வாயில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

கொக்கார் மந்தைக்கு ஓடினார். பறக்கத் தெரியும் என்பதே மறந்துவிட்டது.

“மருதாணி மனசு சரியா இருக்கு! குட்டிகளை மேட்டுக்கு ஏத்துங்க!”

கரும்புள்ளி அவரை மேலும் கீழும் பார்த்தார். “அன்னைக்குக் காதை அடைக்கச் சொன்னீங்க. இன்னைக்கு இப்படிச் சொல்றீங்க. உங்க மனசு சரியா இருக்குன்னு யாரு சொல்றது?”

கேட்டவர் கண்ணில் தன் பேச்சுக்கு மதிப்பே இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்பது கொக்காருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கௌரவமாகப் பின்வாங்கிவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. குட்டிகள் புல்லில் மூக்கை நுழைத்து விளையாடிக்கொண்டிருந்தன.

“தலைவரே, அன்னைக்கு நான் இவ கொம்பைத்தான் பார்த்தேன். இவ சொன்ன சத்தத்தைக் கேட்கவே இல்ல. இவ காதுல கோளாறு இல்ல, என் காதுலதான். வேணும்னா என் தலையில இருக்கிற சேத்தைத் தொட்டுப் பாருங்க” என்றார் கொக்கார்.

கரும்புள்ளி தொட்டுப் பார்த்தார். சேறு ஈரமாக இருந்தது. கோடையில் கரைக்குக் கீழே ஈரம் ஏது? அவர் குரல் கொடுத்தார். குட்டிகள் மேட்டுக்கு ஏறின. கடைசிக் குட்டி ஏறி முடிக்கவும், வளையின் வாய் பிய்ந்து தண்ணீர் பீறிட்டு வந்தது.

அடைக்க எதுவும் கையருகில் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஆமையார் இருந்தார். கொக்கார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவரை வளைக்குள் தள்ளினார். ஒரு நோயாளியின் கவலைக்குள் ஆமையார் முழுதாக இறங்கியது அதுவே முதல் தடவை. அவர் உள்ளே நின்று தாங்க, மான்கள் களிமண்ணைக் குளம்பால் தள்ளி மிதித்தன. கரை நின்றது. ஆமையார் தண்ணீர்ப் பக்கமாக வெளியே வந்து, அக்கரைக்கு நீந்திப் போனார்.

வைத்தியர்கள் கூட்டத்தில் கொக்கார் பேசத்தான் செய்தார். ஆனால் மருதாணியைப் பற்றி அல்ல. தன் கால் வளர்ந்த கதையைச் சொன்னார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

மழை வந்தபின் ஒருநாள் மருதாணி ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். கொக்காரின் வாய் பழக்கத்தில் திறந்தது. “நீ பெண்ணுன்னு உனக்கு எப்போ...” என்று ஆரம்பித்தவர், அலகை டக்கென்று மூடினார். கொஞ்சம் பொறுத்து, “தூக்கம் வருதாம்மா?” என்று கேட்டார்.

“வருது ஐயா.”

கொக்கார் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார். அவள் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அவரும் கிளறவில்லை.

ஒருவர் யார் என்பதையே நோயாக எண்ணும் வைத்தியருக்கு, அவர் எதற்காக வந்தார் என்பது காதில் விழாது.

மருதாணி தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். கொக்கார் பாறைக்குத் திரும்பி, மிச்சமிருந்த பாசியைச் சுரண்ட ஆரம்பித்தார்.