ஜெர்ஸியில் போட்ட நாலு தையல்

கேடயம் ஒன்று, அதற்குக் கை நீட்டியவர்கள் மூன்று பேர். வேலையை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர் ஒருவர். நடந்ததை நான் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

தேசியக் கால்பந்து லீக்கில் வடகரை ரோவர்ஸ் என்று ஒரு சென்னை அணி. கடைசி இடத்துக்கு வரும் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் ஆள்குறைப்பில் முதல் பெயர் எத்திராஜுடையது. பதினெட்டு வருடமாக ஜெர்ஸி துவைத்து, பூட்ஸ் காயவைத்தவர் அவர்.

லீக் விதிகள் அச்சான சுற்றறிக்கையைக் கிளப் தலைவர் மாசிலாமணி பிரிக்கக்கூட இல்லை. ஈர பூட்ஸுக்கு அடியில் விரித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். எத்திராஜ் அதை விரிக்கும்போது படித்தார். புள்ளியும் கோல் வித்தியாசமும் சமமானால் மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய அணி தப்பிக்கும். அட்டையும் சமமானால் திருவுளச்சீட்டு.

அணியின் நட்சத்திரம் கெவின். கோல் அடித்தால் ஜெர்ஸியைக் கழற்றிச் சுழற்றாமல் அவனுக்குத் தூக்கம் வராது. கழற்றினால் மஞ்சள் அட்டை. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்பே எட்டு கோல், எட்டு அட்டை. நாலு அட்டைக்கு ஓர் ஆட்டம் தடை என்பதால் இரண்டு ஆட்டங்களைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தான். இரண்டிலும் அணி ஒரு கோலில் தோற்றது. சேற்றில் கிடந்த எட்டு ஜெர்ஸிகளையும் பொறுக்கித் துவைத்தவர் எத்திராஜ்.

கடைசி இடத்திலிருந்து தப்பப் போராடிய இன்னோர் அணி முந்தின நாளே நாற்பத்திரண்டு அட்டையுடன் பருவத்தை முடித்திருந்தது. கடைசி ஆட்டத்தை டிரா செய்தால் ரோவர்ஸ் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் அதற்குச் சமம். இடைவேளையில் ரோவர்ஸ் ஒரு கோல் பின்தங்கியிருந்தது, அட்டை நாற்பத்தொன்று. மாசிலாமணியின் கைராசிக்குத் திருவுளச்சீட்டை நம்ப முடியுமா? எத்திராஜ் ஊசியை எடுத்தார். கெவின் குப்புறப் படுத்துத் தன் கோல்களையே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெர்ஸி கிழிந்திருக்கிறது என்று சொல்லி, அதன் ஓரத்தை டிரவுசரோடு சேர்த்து நாலு தையல் போட்டார்.

எழுபதாவது நிமிடத்தில் பயிற்சியாளர் தாமஸ் கெவினை வெளியே கூப்பிட்டார். அவன் காதில் வாங்கவில்லை. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் யாரோ உதைத்த பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போனது. ஓடினான், ஜெர்ஸியைப் பிடித்து இழுத்தான். டிரவுசர் மேலே ஏறியதே தவிர ஜெர்ஸி வரவில்லை. மைதானமே சிரித்தது. அட்டை விழவில்லை. ஆட்டம் டிரா, அணி தப்பியது.

மறுநாள் காலையில் கூட்டம். அணியைக் காப்பாற்றியவருக்குக் கேடயம் என்று அறிவித்திருந்தார்கள். கோல்கம்பத்தில் தான் கட்டிய எலுமிச்சம்பழம்தான் காப்பாற்றியது என்றார் மாசிலாமணி. கெவினைக் கடைசிவரை களத்தில் வைத்திருந்தது தன் வியூகம் என்று கூசாமல் சொன்னார் தாமஸ். கோல் என்னுடையது என்றான் கெவின். அதோடு நிற்காமல் எத்திராஜைக் கைகாட்டினான்.

“ஊரே பாத்து சிரிச்சுது சார். இந்த ஆள் இருந்தா நான் இருக்க மாட்டேன்.”

“ஏன்யா தெச்ச?” என்றார் தலைவர்.

“அவுத்தா மஞ்ச கார்டு சார். ஒண்ணு ஏறியிருந்தா சீட்டு குலுக்கிப் போட்டிருப்பாங்க.”

“கார்டு கணக்கெல்லாம் உனக்கு எதுக்குய்யா? துணி தோய்க்கிறதோட நில்லு.”

கேடயமும் வேலைநீக்கக் கடிதமும் ஒரே மேஜையில் இருந்தன.

இப்போது சொல்லுங்கள்: கேடயம் யாருக்கு, கடிதம் யாருக்கு?

விடை: எலுமிச்சம்பழம் பருவம் முழுக்கத் தொங்கியது, தோல்விகளின்போதும். தாமஸ் வெளியே கூப்பிட்டவனைத்தான் உள்ளே வைத்திருந்ததாகச் சொல்கிறார். கெவினின் கோல் இல்லாமல் டிரா இல்லை, உண்மை. ஆனால் சட்டை உடம்பில் தங்கியிருந்தால் அந்த இரண்டு தடைகளே வந்திருக்காது, கடைசி நாள்வரை அணி தவித்தும் இருக்காது. கேடயம் எத்திராஜுக்கு. கடிதத்துக்கு மூன்று பேரில் யாரைச் சொன்னாலும் தப்பில்லை. நடந்தது வேறு: கேடயத்தைத் தலைவர் எடுத்துக்கொண்டார், கடிதத்தை எத்திராஜ் வாங்கிக்கொண்டார். அடுத்த பருவம் கெவின் பத்து கோல் அடித்தான், பத்து முறை கழற்றினான். அட்டைக் கணக்கில் அணி இறங்கியபோது, இப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது என்று மாசிலாமணி கேட்டார். அது பூட்ஸுக்கு அடியிலேயே இருந்தது.