கண்டக்டர் பிடித்த பூச்சிகள்

காலனித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பொதுத் தோட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே செடி வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுப்பவள் குருவம்மாள். வயது முப்பத்திரண்டு. படிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் மகள் வயது. ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

அப்படிப் படிக்க வந்தவர்களில் ஒருவர் இருதயராஜ். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடி வீட்டில் தொட்டுப் பார்க்கக்கூட மண் கிடையாது. எட்டு மாதம் காத்திருந்து ஒரு பாத்தி வாங்கி, கத்தரி போட்டிருந்தார்.

தோட்டத்தில் இரண்டே சட்டம். மருந்து அடிக்கக் கூடாது. மாசக் கடைசியில் பயிர் இல்லாமல் கிடக்கிற பாத்தி, வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

அவருடைய கத்தரியில் மாவுப்பூச்சி விழுந்தது. பஞ்சைப் பிய்த்து ஒட்டினது மாதிரி தண்டெல்லாம் வெள்ளை. கையால் எடுத்துப் போடுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அவரும் காலையும் மாலையும் எடுத்தார். எடுக்க எடுக்கப் பூச்சி பெருகியது. மாசக் கடைசிக்குப் பன்னிரண்டே நாள்.

அந்த ஞாயிறு ஊறுகாய் பாட்டில் ஒன்றோடு வந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"நேத்தும் இன்னைக்கும் பிடிச்சது டீச்சர். இதுக்கு முன்னால ரெண்டு பாட்டில் சோப்புத் தண்ணியில போட்டாச்சு. நீங்க நம்பணும்னுதான் இதை உசுரோட கொண்டாந்தேன். ஒரே ஒரு தடவை மருந்து அடிச்சுக்கிடுதேன்."

குருவம்மாள் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"எல்லாமே பெருசா இருக்கே. எப்படிப் பார்த்துப் பிடிச்சீங்க, அண்ணாச்சி?"

அவருக்குக் கொஞ்சம் பெருமையாகப் போனது. "முப்பது வருஷ சர்வீஸ். என்னைக் கண்டதும் எவன் நகருதானோ அவன்தான் டிக்கெட் எடுக்காதவன். பேசாம உக்காந்திருக்கவனை நான் தொடுறதே இல்ல. பூச்சிக்கும் அதே கணக்குதான்."

ரிட்டையர் ஆகியும் செக்கிங்கை விடவில்லை என்று பக்கத்துப் பாத்தி ஜெயக்கொடி சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் செடியிலேயே மாவு அப்பியிருந்த ஒரு கொப்பை ஒடித்துப் பாட்டிலுக்குள் போட்டாள். வாயில் மெல்லிய துணியைக் கட்டினாள். வீட்டில் வைத்துப் பாருங்கள், புதன்கிழமை கொண்டு வாருங்கள், அதுவரை செடியில் கை வைக்க வேண்டாம் என்றாள்.

மருந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

"புதன்கிழமை சொல்லுதேன்."

பன்னிரண்டில் மூன்று நாள் வீணாகப் போகுதே என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மாடிப்படி ஏறினார். பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஓடுகிறவை, உட்கார்ந்திருந்தவற்றின் மேல் ஏறின. கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்தன. அவை நகர்ந்த இடத்தில் பச்சைத் தண்டு தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். புதன்கிழமை காலையில் கொப்பில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ஓடுகிறவை மட்டும் கொழுகொழுவென்று திரிந்தன.

தோட்டத்தில் குருவம்மாள் உரக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இதுக மாவுப்பூச்சி இல்ல," என்றார் அவர்.

"பொறிவண்டுக் குஞ்சு. மாவுப்பூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. அதுமாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு அதுக நடுவுலயே திரியும்."

"ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பஸ்ஸில் யார் சொன்னதையும் அவர் நம்பினதில்லை.

பாட்டிலைப் பிடித்தபடியே நின்றார். "என் பாத்தியைக் காப்பாத்த வந்ததுக. ரெண்டு பாட்டிலைக் கொன்னுட்டேனே, டீச்சர்."

"நான் கொன்னது எட்டு பாட்டில் வரும். கால்ல போட்டு நசுக்கினேன். அந்த வருஷம் என் பாத்தியும் போச்சு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கும்பிட வேண்டும்போல் இருந்தது. கையில் பாட்டில் இருந்தது.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

குருவம்மாள் துணியை அவிழ்த்தாள்.

"இத்தனையையும் ஒண்ணு விடாமப் பிடிக்கிற கண்ணு இந்தத் தோட்டத்துல உங்களுக்குத்தான் இருக்கு. மூணு நாளும் ஒரே கொப்பு, பசியா இருக்கும். எதுக்கு எந்தச் செடி ஸ்டாப்புன்னு பார்த்து இறக்கி விடுங்க, அண்ணாச்சி."