அன்னப்படகு எல்லை தாண்டிய கதை

கொசு புறா அளவுக்கு இருந்த காலம் அது. அசந்தால் கடித்த ஆளையே தூக்கிக்கொண்டு பறந்துவிடும். அந்தக் காலத்தில் மேலாறை என்றொரு நாட்டைக் குஞ்சரவழுதி என்ற ராஜா ஆண்டுவந்தான். நம்பாதவர்கள் எழுந்து போகலாம், வருத்தமில்லை.

ராஜாவுக்குப் படகுப் பைத்தியம். காலையில் அன்னப்படகில் ஒரு சுற்று வராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சோறு இறங்காவிட்டால் சமையல்காரன் உதை வாங்குவான். நாட்டில் ஓடிய கொலுசாறோ முழங்கால் ஆழம்தான்.

"ஆற்றை மறித்து ஓர் அணை போடுவோம், மன்னா! அரண்மனை வாசலில் கடலே நிற்கும்" என்றார் தளவாய் வில்லவதரையர். மறித்தார்கள். நின்றது. ராஜா உச்சி குளிர்ந்துபோனான்.

அதே ஆறு கீழே பாயும் இடத்தில் கீழாறை என்று பக்கத்து நாடு. அடுத்த கோடையிலேயே அங்கிருந்து சனம் இங்கே வரத் தொடங்கியது. காவல்காரன் கொட்டாவி விடும் நேரம் பார்த்து எல்லைக்கல்லைத் தாண்டிவிடுவார்கள். தளவாய் எல்லை நெடுகச் சுவர் எழுப்பினார். வெயிலில் கல் சுமக்க உள்ளூரில் யார் வருவார்கள்? எல்லை தாண்டி வந்தவர்களையே வேலைக்கு வைத்தார். அவர்களும் அழகாகத்தான் கட்டினார்கள், தங்கள் சொந்தபந்தம் வந்துபோக ஆளுக்கொரு பொந்து விட்டு.

விஷயம் தெரிந்ததும் தளவாய் கொதித்துப்போனார். வந்த சனத்தையெல்லாம் மாட்டுப்பட்டியில் அடைத்துவிட்டு, பேச்சாயி என்பவளை மட்டும் சபைக்கு இழுத்துவந்தார்.

"உத்தரவில்லாமல் என் நாட்டுக்குள் ஏன் நுழைந்தாய்?" என்றான் ராஜா.

"அங்க இருந்து என்னத்தத் திங்கிறது ராசா? ஆத்துல மணலுதான் ஓடுது. மாடு நாக்கு வறண்டு செத்துப்போச்சு. அடுத்தது எம் பிள்ளைங்கதான்."

"பொய், மன்னா! நம்மூர்ச் சாப்பாட்டு ருசிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்" என்றார் தளவாய்.

"ருசியா? உங்க ஊருக் குழம்புல உப்புமில்ல, புளியுமில்ல. தலையெழுத்தேன்னு முழுங்குறோம்!"

சபை சிரித்துவிட்டது. ஆனால் ராஜாவின் மீசை துடித்தது. அதுவரை பாதி மனதோடு கேட்டுக்கொண்டிருந்தவன், "என் நாட்டுக் குழம்பையா பழிக்கிறாய்? தளவாயாரே, நாளைக்கே எல்லாரையும் ஈட்டிமுனையில் துரத்தும்!" என்று கத்தினான்.

அமைச்சர் கூத்தபிரான் மெல்ல எழுந்தார். "கொஞ்சம் பொறுங்கள், மன்னா. ஏனம்மா, உங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் எப்படிப் பாய்ச்சுவீர்கள்?"

"முறை வச்சுதான் சாமி. புதுத்தண்ணி வர்றப்ப அவங்கவங்க வயல்ல மண்வெட்டியோட நிக்கணும். நிக்காதவங்களுக்கு அந்த வருசம் முறை கிடையாது."

அமைச்சரின் முகம் மலர்ந்தது. "மன்னா, ஈட்டியால் துரத்தினால் ஒரு பொந்தில் போய் இன்னொரு பொந்தில் வருவார்கள். நாளை ஒரு நாள் நாட்டு அதிகாரத்தை என்னிடம் விடுங்கள். ஒருவர் பாக்கியில்லாமல் தாங்களே ஓடிவிடுவார்கள்."

"ஓடாவிட்டால்?" என்று இளித்தார் தளவாய்.

"என்னையும் அவர்களோடு சேர்த்து அந்தக் காய்ந்த மணலுக்குத் துரத்திவிடும்."

இந்த வேடிக்கையைப் பார்த்துவிடலாமே என்று ராஜாவும் கிரீடத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்துகொடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் அமைச்சர் பட்டிக் கதவையும் அணையின் மதகையும் ஒன்றாகத் திறக்கச் சொன்னார். ஆற்றில் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டதுதான் தாமதம். "தண்ணி போகுதுடோய்!" என்று ஒரு கூச்சல். எடுத்தார்கள் ஓட்டம்! சவரம் செய்துகொண்டிருந்த ஒரு கிழவர் ஒரு பக்கத்து மீசையோடு ஓடினார். பொந்துகள் போதாமல் பாதிப் பேர் சுவரேறிக் குதித்தார்கள். தண்ணீரையே முந்திக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்றால் பாருங்களேன். அவர்கள் போய் வயலில் நின்று வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

ராஜா படித்துறைக்கு வந்தான். அன்னப்படகு சேற்றில் குந்தியிருந்தது.

"எங்கே என் தண்ணீர்?"

"ஊருக்குப் போயிற்று, மன்னா. இன்றைக்கு உத்தரவு என்னுடையது" என்றார் அமைச்சர்.

சத்தியத்தை மீற முடியாது. வயிறோ காய்கிறது. "தளவாயாரே, படகைத் தூக்கும்! தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே போவோம்!"

தளவாயும் வீரர்களும் படகைத் தலையில் சுமந்துகொண்டு ஆற்றோரமாக நடந்தார்கள். பின்னாலேயே அமைச்சர். குறுக்கே சுவர் வந்தது. பொந்துக்குள் படகு நுழையவில்லை.

"சுவரை இடியும்!" என்றான் ராஜா.

"மன்னா, நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய..."

"பசி காதை அடைக்கிறது ஐயா, இடியும்!"

இடித்தார். படகு அந்தப் பக்கம் போனதும் கீழாறைக் காவலர்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"நில்! யார் நீ?"

"மேலாறை மன்னன்!"

"போன வாரம் ஒருத்தன் தேவேந்திரன் என்றான். உத்தரவில்லாமல் ஏன் வந்தாய்? அதைச் சொல்."

ராஜாவுக்குப் பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "எங்கள் ஊரில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இல்லை. இங்கே இருக்கிறதே என்று வந்தேன்."

சொல்லி முடித்ததும் அவன் காதுமடல் சிவந்தது. அமைச்சர் வானத்தில் ஏதோ கொக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

வயலிலிருந்து சேற்றுக்காலோடு பேச்சாயி ஓடிவந்தாள். "அட விடுங்கண்ணே! பசிச்சு வந்த மனுசன்" என்று சொல்லி, கஞ்சிக் கலயத்தை அவன் கையில் கொடுத்தாள். ராஜா வரப்பில் குந்தி மூச்சுவிடாமல் குடித்தான். குடித்து முடித்துக் கலயத்தைத் தானே வாய்க்காலில் கழுவிக் கொடுத்தான்.

பிறகு எழுந்து, "இனி இரண்டு நாட்டுக்கும் முறைத் தண்ணீர்தான். நம் முறை வரும் நாளில் மட்டும் எனக்குப் படகு. இடித்த இடத்தில் வாசல் வையுங்கள், வருகிறவர்கள் நிமிர்ந்து வரட்டும்" என்றான். அமைச்சரின் கையைப் பிடித்து, "நீர் படகில் ஏறும், நான் நடந்து வருகிறேன்" என்றான். படகைச் சுமக்க வேண்டியவர் தளவாய்தான்.

கொஞ்ச தூரம் போனதும் கழுத்து ஒடிகிற வலியில் தளவாய் கெஞ்சினாராம். "அமைச்சரே, சற்று இறங்கி நடக்கக்கூடாதா?"

"எல்லை தாண்டட்டும் தளவாயாரே. உத்தரவில்லாமல் அந்நிய மண்ணில் கால் வைத்தால், முதல் ஆளாக நீர்தானே என்னைப் பட்டியில் அடைப்பீர்!"